கொக்குகளுக்கு வழி காட்டப் போன என் மகளுக்கு

ஆரணிக் குஞ்சு,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நீ சொன்ன செய்திக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. கசகஸ்தான் என்றாய். இரண்டு வருடம் என்றாய். சொல்லிவிட்டு, கத்தரிக்காய்க் குழம்பைச் சோற்றில் விட்டுப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாய். அப்பா, "அது எந்தப் பக்கம் பிள்ளை இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே கைபேசியில் வரைபடத்தைத் தேடினார். நான் எழும்பிப்போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களைத் திரும்பக் கழுவினேன். நெஞ்சு திடுக்கிட்டால் எனக்கு வாய் அடைத்துவிடும் என்பது உனக்குத் தெரியும். போன வருடம் முழுக்க நீ என்னைத் திடுக்கிட வைத்துக்கொண்டே இருந்தாய். அதனால் வாயில் வராததை எழுதுகிறேன். நம்முடைய தமிழ்ச் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். இதையே கொடுக்கப் போகிறேன். நாம் இருக்கும் இந்த டேனிஷ் ஊர் ரண்டர்ஸில், நீ என்ன வேலை செய்கிறாய் என்று நம்முடைய ஆட்கள் ஆளுக்கொரு விதமாகக் கதைக்கிறார்கள். உனக்குத் தெரிந்ததையும் விளக்கமாக எழுதுவது அவர்களுக்காகத்தான். பொறுத்துக்கொண்டு வாசி.

ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்து முடித்ததும், மேற்கு யூட்லாந்தில் கடல்நீரேரிக் கரையிலே பறவை வளர்க்கும் இடம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாய். கோழிப் பண்ணை போல ஒன்று என்றுதான் நான் நினைத்தேன். பிறகு விளங்கப்படுத்தினாய். உலகத்தில் மிகக் கொஞ்சமாக மிஞ்சியிருக்கும் வெள்ளைப் பெருங்கொக்குகள். மிருகக்காட்சிச்சாலைகளில் அவை இட்ட முட்டைகளை வாங்கிப் பொரிக்க வைக்கிறார்கள். குஞ்சு வளர்ந்து பறக்கும். ஆனால் குளிர் வந்தால் எந்தப் பக்கம் போவது என்று அதற்குத் தெரியாது. காட்டிலே என்றால் தாயும் தகப்பனும் முன்னால் பறந்து கூட்டிக்கொண்டு போகும். தாய் தகப்பன் இல்லாத இந்தக் குஞ்சுகளுக்கு யாராவது முன்னால் பறந்து காட்ட வேண்டும். "ஆர் பறக்கிறது?" என்று நான் கேட்டபோது, "அதுக்கு ஆக்கள் இருக்கினம் அம்மா" என்றாய். அந்த ஆக்களில் நீயும் ஒருத்தி என்று சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. என்னிடம் எதை எவ்வளவு சொல்ல வேண்டும் என்று சின்ன வயதிலேயே நீ அளவெடுத்து வைத்திருந்தாய்.

முதல் முறை நாங்கள் உன்னைப் பார்க்க வந்த நாளை நான் மறக்கவில்லை. ஆனி மாதம், நல்ல வெயில். பிட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு வந்தேன். மேலாளர் சுசானே எங்களை வாசலிலேயே நிறுத்தி, மெல்லக் கதைக்கச் சொல்லி, நாணல் வேலிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். வேலியில் கண்ணளவுக்கு ஓர் ஓட்டை. அதற்குள்ளால் பார்த்தேன். தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வலை. ஒரு கை கையாகவே இல்லை; நீண்ட கழுத்தும் சிவந்த முகமும் அலகுமாக ஒரு கொக்குத் தலை. அந்தத் தலை நிலத்தைக் கொத்த, கறுவாப்பட்டை நிறத்தில் புசுபுசுவென்று இருந்த குஞ்சுகள் அதைச் சுற்றி நின்று தாங்களும் கொத்தின. அந்த உருவத்தின் நடையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இடது காலைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்கிற நடை. என்னைப் பெற்றவளின் நடை, என்னுடைய நடை.

என்னை அறியாமலே, "ஆரணி!" என்று கூப்பிட்டுவிட்டேன்.

நீ திரும்பவில்லை. ஒரு குஞ்சு மட்டும் தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தது. பார்த்ததோடு நிற்காமல் வேலியை நோக்கி நடக்கவும் தொடங்கியது. நீ அந்தக் கொக்குத் தலையால் அதைத் தட்டித் திருப்பி, எல்லாக் குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு நாணலுக்குள் போய் மறைந்துவிட்டாய். சுசானேயின் முகம் வெளிறிப்போனது. மனிதக் குரலுக்குப் பழகினால் அந்தக் குஞ்சு நாளைக்கு ரோட்டிலும் வளவிலும் போய் நிற்கும், நாயும் காரும் அதைக் கொன்றுவிடும் என்று அவள் டேனிஷில் மெதுவாகச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் மனதுக்குள் கொதித்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓடி வந்த தாயின் குரலுக்குப் பிள்ளை திரும்பிப் பார்க்காத இடமும் ஒரு வேலைத்தலமா? அன்று பின்னேரம் போனில் நீ என்னோடு சண்டை பிடித்தாய்.

"என்னம்மா செய்துபோட்டீங்கள்? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான் எல்லோ!"

"பெத்த பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது பிழையோ?"

"அங்க நான் உங்கட பிள்ளை இல்லை அம்மா. அங்க நான் ஒருத்தரும் இல்லை."

அந்தச் சொல்லை நான் கன நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஆளை ஆள் அடையாளம் தெரியாத கிழவி ஒருத்தி என்னைத் தன் தங்கை என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொள்வாள். யாரோ ஒருத்தியாக நினைக்கப்படுவது எனக்குப் பழக்கம். ஒருத்தருமே இல்லாமல் போவது எப்படி என்றுதான் எனக்கு விளங்கவில்லை. உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்தில் நீ என்னை டேனிஷ் பிள்ளைகளைப் போல "மோர்" என்று கூப்பிடுவாய். "மோரோ தயிரோ, எது வேணும்?" என்று அப்பா கேலி செய்வார். நான் சிரிக்கமாட்டேன். "அம்மா எண்டு சொன்னால்தான் சாப்பாடு" என்று அடம்பிடிப்பேன். என்னை எப்படிக் கூப்பிடுகிறாய் என்பதில் நான் அவ்வளவு கண்டிப்பு. பேரே இல்லாமல் நிற்கும் வேலையை நீ தேடிப் போனதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று சில நாள் யோசித்திருக்கிறேன்.

இனி அந்தப் புரட்டாதிக் காலையைப் பற்றி.

குஞ்சுகள் வளர்ந்துவிட்டன, இப்போது பறக்கப் பயிற்சி நடக்கிறது, தூர நின்று பார்க்கலாம் என்று நீதான் கூப்பிட்டாய். அப்பாவும் நானும் அணைக்கட்டுக்குப் பின்னால் இருந்த மரக் கொட்டிலுக்குள் சுசானேயோடு நின்றோம். அவளும் வெள்ளை அங்கி போட்டிருந்தாள். தலையுறையை மட்டும் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். மேற்கிலிருந்து கடல் காற்று. தூரத்தில் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றின. முதலில் புல்லு வெட்டும் மெசின் போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு வானத்தில் அது வந்தது. கூடாரத் துணி போல ஒரு செட்டை, அதன் கீழே மூன்று சில்லு வைத்த சின்னத் தொட்டில், பின்னால் சுழலும் விசிறி. தொட்டிலுக்குள் வெள்ளை அங்கியோடு ஓர் ஆள். செட்டையின் ஒரு நுனியிலிருந்து சரிந்த கோடாகக் கொக்குகள் பின்னால் பறந்து வந்தன. கழுத்தை நீட்டி, காலை நீட்டி, ஒன்றின் பின்னால் ஒன்றாக. அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த விசரன் ஆரப்பா?" என்று நான் அவரிடம் கேட்டேன். அவர் அதை டேனிஷில் கொஞ்சம் மரியாதையாக மாற்றிச் சுசானேயிடம் கேட்டார்.

சுசானே எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "அது ஆரணி. உங்களுக்குத் தெரியாதா? வசந்தத்திலேயே அவளுக்கு ஓட்டும் அனுமதி கிடைத்துவிட்டதே."

வாங்கில் இருந்துவிட்டேன். தலைக்கு மேலே நூல் போல ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு போவது என் பிள்ளை. கார் ஓடப் பழகியபோது நெடுஞ்சாலையில் ஏறமாட்டேன் என்று அழுத பிள்ளை. கோபப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் இருக்கும்போதே அந்தச் சத்தம் நின்றது. சட்டென்று, யாரோ அணைத்துவிட்டது போல நின்றது. பிறகு காற்றின் சத்தம் மட்டும். செட்டை ஒரு பக்கம் சரிந்தது. நிமிர்ந்தது. ஈரப் புல்வெளியை நோக்கித் தாழ்ந்து, நிலத்தைத் தொட்டு, கொஞ்சத் தூரம் ஓடி, வாய்க்காலில் முன்சில்லு விழுந்து, அப்படியே தலைகீழாகப் புரண்டது.

நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. நான் கத்தவில்லை என்று அப்பா சொல்கிறார். கதவுப் பக்கம் நான் ஓட, சுசானேயின் இடுப்பிலிருந்த வானொலிக் கருவி கரகரத்தது. உன் குரல். குசுகுசுவென்று, டேனிஷில். "எனக்கு நினைவு இருக்கிறது. எரிபொருள் வாசம் இல்லை. தோள் உடைந்திருக்கும் என்று நினைக்கிறேன். பறவைகள் எல்லாம் என் பக்கத்தில் இறங்கிவிட்டன. வெள்ளை இல்லாமல் ஒருவரும் வரவேண்டாம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு, "அம்மாவை விடவேண்டாம்."

அம்மாவை விடவேண்டாம். என் வாழ்க்கையில் நான் கேட்ட சொற்களில் இதைப்போல ஒன்று என்னை அடித்ததில்லை. எலும்பு உடைந்து சேற்றில் கிடக்கும் பிள்ளை தாயை வரவேண்டாம் என்கிறது. சுசானே ஆஸ்பத்திரி வண்டிக்கு அறிவித்தாள்; அணைக்கட்டுக்கு அப்பால் சத்தம் போடாமல் நிற்கச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்த பார்வை எப்படி இருந்ததோ, கொளுக்கியில் தொங்கிய இன்னொரு அங்கியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "உங்களால் கதைக்காமல் இருக்க முடியுமா?" என்றாள்.

"என்ர பிள்ளை விழுந்து கிடக்குது, நீ உடுப்பை நீட்டுறாய்!" என்று நான் தமிழில் சொன்னேன். சொல்லிக்கொண்டே கையை அதற்குள் விட்டேன்.

அந்தப் புல்வெளி நடையை நீ பார்த்திருக்கமாட்டாய். ஓடக்கூடாது என்று சுசானே சைகை காட்டினாள். ஓடினால் பறவைகள் மிரளும். வலைக்குள்ளால் உலகம் சாம்பலாகத் தெரிந்தது. என்னுடைய மூச்சே எனக்குக் கேட்டது. கொக்குகள் உன்னைச் சுற்றி நின்றன, என் நெஞ்சளவு உயரத்தில். ஒன்று உன் தலையுறையை அலகால் மெல்ல இழுத்துப் பார்த்தது. எழும்பு, ஏன் படுத்திருக்கிறாய் என்று கேட்பது போல இருந்தது. இன்னொன்று நேராக என்னிடம் வந்து, என் கையில் ஏதாவது இருக்கிறதா என்று தேடியது. அதன் கண் மஞ்சள். அந்தக் கண்ணில் எனக்கும் உனக்கும் வித்தியாசம் இல்லை.

நான் உன் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். முதியோர் இல்லத்தில் விழுந்தவர்களைத் தூக்குவது எனக்கு நாளாந்த வேலை. ஆனால் அங்கே நான் வாயால்தான் வேலை செய்வேன். எங்கே நோகுது, என்னைப் பாருங்கள், பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன். இதெல்லாம் சொல்லாமல் ஒருவரைத் தொட எனக்குத் தெரியாது. அன்று தெரிந்துகொண்டேன். உன் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன். நீ திருப்பி அழுத்தினாய். கழுத்தைத் தடவினேன். காறை எலும்பில் கை பட்டபோது உன் உடம்பு முழுக்க விறைத்தது. வலைக்குப் பின்னால் உன் வாய் திறந்ததைக் கண்டேன். சத்தம் வரவில்லை. ஒரு சின்ன முனகல்கூட வரவில்லை, ஆரணி. அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் நான் பயந்தேன். விழுந்ததைக்கூட நான் தாங்கிக்கொண்டேன்.

உன் கையை என் அங்கியின் இடுப்புப் பட்டியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினேன். சுசானே ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக உன்னை எழுப்பி நடத்தினோம். கொக்குகள் எங்களுக்குப் பின்னால் வரிசையாக நடந்து வந்தன. கூட்டுக்குள் அவற்றை விட்டுக் கதவைச் சாத்தி, கொட்டிலுக்குள் வந்து உன் தலையுறையைக் கழற்றிய பிறகுதான் நீ வாயைத் திறந்தாய்.

"அம்மா, நோகுதம்மா."

"ஏனடி சொல்லேல்லை? பறக்கிறன் எண்டு ஏனடி சொல்லேல்லை?"

"சொன்னால் விட்டிருப்பீங்களோ?"

அப்பாதான், "ஓம், விட்டிருக்கமாட்டம்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். அந்த மனிதன் அழுது நான் முன்பு பார்த்ததில்லை. எரிபொருள் குழாயில் ஏதோ அடைப்பு என்று பிறகு கண்டுபிடித்தார்கள். உன் பிழை இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். யாருடைய பிழை என்று நான் கேட்கவே இல்லை.

அதோடு இந்த வேலையை விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நீ வீட்டில் இருந்த நாட்களில் சீப்பால் உனக்குத் தலை இழுத்து, சோறு ஊட்டி, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தேன் என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் கொக்குகள் புறப்படும் நாளுக்கு நீ நின்றே ஆகவேண்டும் என்றாய். உனக்குப் பதிலாக மாஸ் என்ற பையன் ஓட்டப்போகிறான் என்றாய். அவன் ஓட்டினால் உன் கொக்குகள் பின்னால் போகுமா என்று எனக்குச் சந்தேகம். போகாது என்று நம்பினேன் என்றே சொல்லலாம். முட்டையிலிருந்து வந்த நாள் தொடக்கம் சாப்பாடு தீத்தி வளர்த்தவள் நீ. உன்னைத் தேடும், திரும்பி வரும், தரையில் இறங்கி நிற்கும் என்று நினைத்தேன்.

விடிந்ததும் மாஸ் அந்தத் தொட்டிலில் ஏறினான். அதே வெள்ளை அங்கி, குஞ்சுகள் கேட்டு வளர்ந்த அதே கொக்குக் கூவல் ஒலிபெருக்கியில். கூட்டுக் கதவைத் திறந்தார்கள். கொக்குகள் ஓடி வந்து, எழும்பி, அவனுக்குப் பின்னால் கோடு கட்டிக்கொண்டு தெற்கே போய்விட்டன. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உன்னைப் பார்க்கவே பயமாக இருந்தது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தால், நீ ஒற்றைக் கையால் உன் தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்கிறாய்.

"பாத்தீங்களோ அம்மா? அவையள் என்னைத் தேடேல்லை!"

"அதுக்குச் சிரிக்கிறியோ?"

"தேடியிருந்தால் நான் பிழையா வளர்த்திருக்கிறன் எண்டு அர்த்தம்."

திரும்பி வரும் வழியெல்லாம் காரில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பிள்ளை வளர்ப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு எதிர்ப்பக்கம் இருந்தது. பிள்ளை என்னைத் தேடினால்தான் நான் சரியாக வளர்த்தேன் என்று எண்ணியிருந்தவள் நான். நீ சொன்னதை இன்னும் நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. கொக்குக்கு அது சரியாக இருக்கலாம். நீ கொக்கு இல்லை.

இந்த வசந்தத்தில் அவை தாங்களாகவே திரும்பி வந்தன. வழிகாட்ட ஒருவரும் இல்லாமல், எல்லைகளைத் தாண்டி, பெரும்பாலானவை அதே கடல்நீரேரிக்கு வந்து சேர்ந்தன. செய்தி கேட்டு அப்பாவும் நானும் வந்தோம். கறுவா நிறம் பாதிக்கு மேல் உதிர்ந்து, வெள்ளை வெளேரென்று வயலில் நின்றன. அவற்றில் ஒன்று பழைய கூட்டை நோக்கி நடந்து வந்தது. நீ வெள்ளை அங்கியோடு போய்ச் சாப்பாடு கொடுப்பாய் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ உன் நீல மழைச்சட்டையோடு, திறந்த முகத்தோடு, வேலிக்கு வெளியே போனாய். இரண்டு கையையும் விரித்து ஓடினாய். தொண்டை கிழியக் கத்தினாய். அந்தப் பறவைகள் உன் முழுக் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நீ டேனிஷில் கத்தவில்லை.

"போ! அங்கால போ! இஞ்ச வராதை! போ!"

என்னோடுகூட நீ பாதி டேனிஷில்தான் கதைப்பாய். உனக்குள்ளே அப்படியொரு தமிழ்க் குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கொக்கு பயந்து எழும்பி, மற்றவற்றோடு நீரேரியின் அக்கரைக்குப் போனது. மனிதரைக் கண்டால் விலகவேண்டும், அதுதான் கடைசிப் பாடம் என்று சுசானே எனக்குச் சொன்னாள். நீ திரும்பி வந்தபோது உன் முகம் முழுக்க ஈரம். காற்று என்றாய். நான் ஓம் என்றேன்.

அதனால் கசகஸ்தானைப் பற்றி நான் உன்னிடம் வாதாடப் போவதில்லை. அங்கே புல்வெளியில் இதே கொக்கினத்துக்கு இதே வேலையைத் தொடங்க ஆள் இல்லை என்றாய், அதுவும் எனக்கு விளங்குகிறது. ஆனால் சில விஷயங்களைக் கேள். பறக்க ஏறுவதற்கு முதல் எரிபொருள் குழாயை நீயே கையால் தடவிப் பார். மற்றவன் பார்த்தான் என்று விடாதே. குளிருக்கு அப்பாவின் பழைய கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டு போ. அழகாக இல்லை என்று விட்டுவிட்டுப் போகாதே. கொக்குகளுக்கு முன்னால் நீ ஒருத்தருமே இல்லாமல் நில், அது உன் தொழில். அங்கியைக் கழற்றிய பிறகு யாராவது ஒருவருக்கு நீ ஆரணியாக இரு. பேர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆளாவது பக்கத்தில் இருக்கட்டும். அவன் எந்த ஊர், எந்த மொழி என்று நான் கேட்கமாட்டேன். அப்பா கேட்பார், நான் சமாளிக்கிறேன். நோகுது என்றால் நோகுது என்று வாய் திறந்து சொல். எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, யாரிடமாவது சொல்.

வெள்ளிக்கிழமை அப்பா காரை எடுப்பார். விமான நிலையத்துக்கு நான் வரமாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் போல. வருவேன். அங்கே எத்தனை சனம் நின்றாலும், எந்த மொழிக்காரர் பார்த்தாலும், சத்தம் போட்டுத்தான் அழப்போகிறேன். நீ வெட்கப்படாமல் பக்கத்தில் நில்.

அம்மா